குச்சி அடித்த கடற்கரை

போன மாதம் எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்தார். முப்பது வயது இருக்கும், நல்ல பிள்ளை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதைப் பற்றி ஏதோ சந்தேகம் கேட்கப்போகிறார் என்று நினைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

"ஐயா, லீவுக்குக் குடும்பத்தோட கடலுக்குப் போறோங்க. போட்டோ எடுக்க எந்தப் பீச் நல்லாருக்கும்? ஒங்களக் கேட்டாத் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். முப்பத்து மூன்று வருடம் தேயிலையில் உழைத்தவன் நான். இரண்டு மலைகளைத் தரிசிலிருந்து பச்சையாக்கியிருக்கிறேன். ஆனால் கந்தப்பளைக் கடைத்தெருவில் ஒருவராவது என்னிடம் தேயிலையைப் பற்றிக் கேட்டதில்லை. பலசரக்குக் கடை முதலாளி பருப்பு நிறுத்துக்கொண்டே, "ஐயா, பாசிக்குடாவா நிலாவெளியா?" என்பார். இத்தனைக்கும் நான் கடலை முதன்முதலாகப் பார்த்தது நாற்பத்தொரு வயதில். இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று ஒருமுறை முழுதாக எழுதிவைத்துவிட்டால் நல்லது.

நான் வேலைக்குச் சேர்ந்தது கணக்கப்பிள்ளையாக. விடியற்காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் ஆள் பிரிப்பது, கொழுந்து நிறுப்பது, நூல் பிடித்துக் குச்சி அடித்து அந்தக் குச்சிக்கு ஒரு கன்று என்று நடுவது, எல்லாம் முதல் ஆறு வருடத்தில் படித்தேன். அட்டைகளுக்கு இரத்தமும் கொடுத்தேன். அதற்குமேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது பெரியதொரையைப் பற்றித்தான்.

அவர் எங்கள் தோட்டத்துக்கு முகாமையாளராக வந்தபோது நான் பதவி உயர்ந்து வெளிக்கள உத்தியோகத்தராகியிருந்தேன். சிங்களவர். தமிழை அவர் படித்தது பெரட்டுக்களத்தில். ஆகவே அவருடைய தமிழில் வா, போ, நட, வெட்டு, நில் என்று ஏவல்தான் அதிகம். கெட்ட மனிதர் இல்லை. ஒருநாளும் யாரையும் சத்தம்போட்டுத் திட்டியதில்லை. அவருடைய முறை வேறு. எங்கேயாவது தப்பு நடந்திருந்தால் அந்தச் செடியின் பக்கத்தில் போய் நிற்பார். பேசமாட்டார். தப்பு என்னவென்று நமக்கே புரிந்து நாமே வாய்விட்டுச் சொல்லும்வரை நிற்பார். ஒருமுறை ஏழாம் நம்பர் மலையில், கொட்டுகிற மழையில், முக்கால் மணி நேரம் நின்றோம். கடைசியில் தெரிந்தது, நான் தவறான செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மனைவியும் மகனும் மகளும் பிள்ளைகளின் படிப்புக்காக முதலில் கொழும்பில் இருந்தார்கள், பிறகு மெல்பேர்ணுக்குப் போய்விட்டார்கள். டிசம்பரில் வருவார்கள். ஒரு வாரம் கடற்கரை ஹோட்டலில் தங்குவார்கள். அங்கே நால்வரும் சேர்ந்து ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி, பங்களாவின் முன்மண்டபத்தில் மாட்டுவார்கள். வருடத்தில் அந்தக் குடும்பம் ஒன்றாக நிற்பது அந்தப் படத்தில் மட்டும்தான்.

ஒரு வருடம் படம் சரியில்லை. ஒரு திங்கட்கிழமை, பெரட்டு முடிந்ததும் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அதை மேசையில் வைத்தார்.

"மிஸ்டர் பழனிவேல், என்ன தெரியுது?"

"குடும்பம் தெரியுதுங்க சேர்."

"இன்னும்?"

உற்றுப் பார்த்தேன். "நாய் ஒண்ணு தெரியுதுங்க."

"இன்னும்?"

பின்னால் நின்ற படகின் கம்பம் அவர் தலையிலிருந்து நேராக முளைத்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே பச்சைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். மகனின் மூடிய கண்களுக்கும் ஒரு வட்டம்.

"எடம் பாக்காம நட்டா இப்பிடித்தான்" என்றார். "அடுத்த வருசம் முதல்ல எடம் பாரு. நீ போ. அந்தோனியக் கூட்டிட்டுப் போ."

அந்தோனி தோட்டத்து ஜீப் ஓட்டுநர். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, எதற்கும் கேள்வி கேட்காத சுபாவம். எனக்கு ஒரு பாரமும், அதாவது அச்சடித்த படிவமும், தரப்பட்டது. புதிதாகத் தேயிலை நட நிலம் தெரிவுசெய்யும்போது நாங்கள் நிரப்பும் பாரம் அது. தலைப்பில் 'தேயிலை' என்ற சொல்லை மட்டும் பச்சைப் பேனாவால் வெட்டி 'குடும்பம்' என்று எழுதியிருந்தார்.

ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை என்று இறங்கி, பெந்தோட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். கடலைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். ஒரு மலைகூட மறைக்காத வானத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்தோனிதான், "ஐயா, பாரம்" என்று ஞாபகப்படுத்தினான்.

நிரப்பினேன். நிலத்தின் சரிவு: குறைவு. காற்று: அதிகம். நிழல் மரம்: தென்னை, சாய்ந்தது. நீர் வடிகால் என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்து, 'கடலுக்குப் போகிறது' என்று எழுதினேன். களை என்ற இடத்தில் 'வெள்ளைக்காரர் பன்னிரண்டு, உள்ளூரார் நாற்பது' என்று எழுதினேன். மிருகத் தொல்லை: நாய் மூன்று. மண் மாதிரி எடுக்க வேண்டும் என்று பாரத்தில் இருந்ததால் ஒரு பையில் மணலும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஆசையோடு கேட்டாள்: "கடலு எப்பிடிங்க இருந்துச்சு?"

"சரிவு கம்மி" என்றேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மணல் வழக்கம்போல மண் பரிசோதனைக்குப் போனது. மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அனுப்பப்பட்ட மண் தேயிலைச் செய்கைக்கு எவ்வகையிலும் உகந்ததன்று, உப்பு மிக மிக அதிகம், இந்த நிலத்தைத் தோட்ட நிர்வாகம் எப்படிப் பெற்றுக்கொண்டது என்று அறிய விரும்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். பெரியதொரை அதை வாசித்து, 'கவனிக்கப்பட்டது' என்று பச்சையில் எழுதிக் கோப்பில் போட்டார்.

இரண்டாம் பயணத்தில் நாங்கள் அளவுநாடாவும் நூலும் குச்சிகளும் கொண்டுபோனோம். எங்கே வெயில் விழுகிறது, அலை எதுவரை ஏறுகிறது என்று குச்சி அடித்துக்கொண்டிருந்தபோது மீனவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் என் கையிலிருந்த பாரத்தைப் பார்த்தார். மேலே தோட்டக் கம்பனியின் இலச்சினை இருந்தது.

"இங்கே தேயிலை நடப்போகிறீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை, குடும்பப் படம் எடுக்க" என்றேன்.

"படம் எடுக்க எதற்கு நூல் பிடிக்கிறீர்கள்?"

நேர்மையாகச் சொன்னால், அந்தக் கேள்வியை அதுவரை நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கிராம சேவகர் வரவழைக்கப்பட்டார். முடிவில், இந்தக் கடற்கரையில் தேயிலை பயிரிடப்படமாட்டாது என்று நான் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அந்தோனி சாட்சி. அந்தக் காகிதம் இன்னும் அந்த ஊரில் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இடம் முடிவானது. பெந்தோட்டையைத் தாண்டித் தெற்கே ஒரு சின்ன வளைவு. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அங்கே களை கூடிவிடும். மேற்குப் பார்த்த கடலில் காலையில் படம் எடுக்க வேண்டும், கிழக்குப் பார்த்த கடலில் சாயங்காலம் எடுக்க வேண்டும். அப்போதுதான் கடல் முதுகுப்பக்கம் இருக்கும், வெயில் முகத்தில் விழும். கடற்கரைகளைப் பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான விசயம் இது ஒன்றுதான்.

டிசம்பரில், குடும்பம் வருவதற்கு முதல் நாள், ஒத்திகை நடந்தது. நிற்கும் இடத்துக்கு ஆளுக்கு ஒரு குச்சி அடித்திருந்தோம். நுவரெலியாவிலிருந்து ஸ்டூடியோக்காரர் குமார் கமராவோடு வந்திருந்தார். பெரியதொரை தன் குச்சியில் தானே நின்றார். மகனின் குச்சியில் நான். மேடத்தின், அதாவது தொரையின் மனைவியின், குச்சியில் அந்தோனி, கையில் மேடத்தின் பூப்போட்ட குடை. மகளின் உயரத்துக்கு எங்களில் ஆள் இல்லாததால் ஒரு கம்பில் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் வைக்கோல் தொப்பி வைத்தோம். சுற்றுலா வந்தவர்கள் கூடி நின்று எங்களைப் படம் எடுத்தார்கள். ஏதோ சமயச் சடங்கு என்று நினைத்திருக்கலாம். ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி கூடையைப் பார்த்துக் கைகூப்பினார்.

ஒத்திகைப் படத்தைக் குமார் உடனே மேடத்தின் தொலைபேசிக்கு அனுப்புவார். பின்னணி சரியா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் முறையில் ஒன்று. மேடம் அதைத் திறந்தே பார்க்காமல் 'சரி' என்று பதில் போடுவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று வருடம் இப்படியே நடந்தது. மூன்று படங்களும் அப்பழுக்கில்லாதவை. நாய் இல்லை, படகு இல்லை, எட்டுக் கண்களும் திறந்திருந்தன. மூன்றுக்கும் பச்சைச் சரி கிடைத்தது. எனக்கு மட்டும் அவற்றைப் பார்க்கும்போது, ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருக்கும் நான்கு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் மேகம் வந்து வந்து போனதால் அவர்கள் மூன்று மணி நேரம் குச்சியில் நின்றார்கள். அப்போது மகளுக்குப் பதினான்கு வயது. பெரியதொரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாக என்னிடம், "அங்கிள், நான் கொஞ்சம் தண்ணியில இறங்கட்டுமா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"படம் முடியட்டும் மகளே" என்றேன்.

படம் முடிந்தபோது கொழும்பில் மதிய விருந்துக்கு நேரமாகிவிட்டது. அவள் இறங்கவே இல்லை. என் முப்பத்து மூன்று வருடத்தில் நான் சொல்லியிருக்கக்கூடாத சொற்களுக்குக் கணக்கெடுத்தால் அந்த மூன்று சொல் முதலில் வரும்.

அடுத்த டிசம்பர். பெரியதொரையும் குமாரும் அந்தோனியும் நானும் முதல் நாளே போய்க் குச்சி அடித்துவிட்டோம். மறுநாள் காலை விமானத்தில் குடும்பம் வருகிறது, அந்தோனி போய் அழைத்துவர வேண்டும் என்பது ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு அவன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவனுடைய தொலைபேசி அடித்தது. கேட்டுவிட்டு, அதை என்னிடம் நீட்டினான்.

"மேடமுங்க. ஐயாகிட்டத்தான் பேசணுமாம்."

மேடம் என்னை மாத்தயா, அதாவது ஐயா, என்று அழைத்துச் சிங்களத்தில் அமைதியாகப் பேசினார். "பழனிவேல் மாத்தயா, நாங்கள் முந்தாநாளே வந்துவிட்டோம். கண்டியில் என் அக்கா வீட்டில் இருக்கிறோம். கடலுக்கு வரமாட்டோம்."

"சேர் எல்லாம் ரெடி பண்ணிட்டாரு மேடம்" என்றேன்.

"அதுதான். பிள்ளைகள் முடியாது என்கிறார்கள். நாங்கள் தேயிலைக் கன்று இல்லை, கொண்டுவந்து நட. இதை நான் சொன்னால் அவருக்குக் கேட்காது. நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்கும்."

அழைப்பு நின்றது. அந்தோனி என்னைப் பார்த்தான். "ஐயா, காய்ச்சல்னு சொல்லிருவமா? புள்ளைக்குக் காய்ச்சல்னு?"

அது நல்ல யோசனைதான். நான் அதை ஐந்து நிமிடம் மனசுக்குள் வைத்துப் பார்த்தேன். என் பதவி உயர்வுச் சிபார்சு அந்த மாதம் அவருடைய மேசையில் இருந்தது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காய்ச்சல் என்றால் அடுத்த வருடமும் குச்சி அடிப்போம்.

பெரியதொரை அளவுநாடாவோடு இறங்கி வந்தார். "வண்டி போச்சா?"

"போகலிங்க சேர்."

"ஏன்?"

"மேடம் கண்டியில இருக்காங்க. புள்ளைகளும் அங்கதாங்க. முந்தாநாளே வந்துட்டாங்களாம்."

"ஏன்?"

"குச்சிங்க சேர்."

"என்ன குச்சி?"

"நம்ம அடிக்கிற குச்சிதாங்க. நாங்க தேயிலக் கன்னு இல்லன்னு சொல்லச் சொன்னாங்க." தொடங்கியதை முடித்துவிட்டேன். "எடம் பாத்தது நாந்தாங்க சேர். பாரம் நெரப்பினதும் நாந்தான். போன வருசம் அந்தப் புள்ள தண்ணியில இறங்கக் கேட்டுச்சு, வேணாம்னு சொன்னதும் நாந்தாங்க."

அவர் நடந்து போய் மேடத்தின் குச்சியின் பக்கத்தில் நின்றார். தப்பான செடியின் பக்கத்தில் நிற்பதுபோலவே நின்றார். ஆனால் இந்த முறை அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அலை வந்து அவருடைய சப்பாத்தை நனைத்தது. பிறகு காலுறையை நனைத்தது. நகரவில்லை. குமார் கமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். நான் என் சிபார்சு இனிமேல் என்னவாகும் என்று யோசிக்கக்கூட இல்லை. அந்த மனிதரைப் பார்க்க அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

கடைசியில் திரும்பினார்.

"வெயில் போகுது" என்றார். "நில்."

எங்களுக்குப் புரியவில்லை.

"எல்லாம் நில். படம் எடுக்கணும்."

நின்றோம். வேறு என்ன செய்வது? பெரியதொரை முழங்கால்வரை ஈரத்தோடு தன் குச்சியில் நின்றார். அந்தோனி குடையை விரித்தான். நான் மகனின் இடத்தில் நின்றேன். கூடைக்குத் தொப்பி வைத்தோம். குமார் எண்ணி மூன்று படம் எடுத்தார். யாரும் கண் சிமிட்டவில்லை. பெரியதொரை வழக்கம்போல நேராகப் பார்த்தார்.

படத்தை மேடத்துக்கு அனுப்பவேண்டாம் என்று யாரும் குமாரிடம் சொல்லவில்லை. ஆகவே அவர் முறைப்படி அனுப்பிவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் என் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். பேச்சு இல்லை, ஏதோ சத்தம் மட்டும் வந்தது. மேடம் அழுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனேன். பிறகுதான் புரிந்தது, அது சிரிப்பு. ஒருவர் சிரிப்பு இல்லை. பின்னால் பிள்ளைகள் இருவரும் மூச்சுத் திணறத் திணறச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "என் தலையில் தொப்பியைப் பாருங்கள்" என்று மகள் கத்துவது கேட்டது.

மேடம் கொஞ்சம் தணிந்து, "மாத்தயா, என் இடத்தில் நிற்பது அந்தோனியா?" என்றார்.

"ஆமாங்க மேடம்."

"ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறான்?"

நான் குச்சிகளைப் பார்த்தேன். "நாலு அடிங்க மேடம். தேயிலைக்கு நிரைக்கு நிரை நாலு அடி."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

"மூன்று வருடமாக நானும் நாலு அடி தள்ளியா நின்றேன்?"

"ஆமாங்க."

பிறகு, "போனை அவரிடம் கொடுங்கள்" என்றார்.

பெரியதொரை வாங்கிக் காதில் வைத்தார். அவர் பேசியது மிகக் குறைவு. "ஹரி" என்று மூன்று தரம் சொன்னார், சரி என்று அர்த்தம். போனை என் கையில் கொடுத்தார். நேரே ஜீப்பில் ஏறினார். அந்தோனி சாவியோடு ஓடினான். சாவியை வாங்கிக்கொண்டு அவரே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடற்கரையில் நாங்கள் மூவரும் மிஞ்சினோம். எங்களோடு ஒரு கொழுந்துக் கூடை, ஒரு பூப்போட்ட குடை, நாற்பது குச்சி. பஸ் பிடித்துக் கொழும்பு வந்து, அங்கிருந்து ஹட்டன் பஸ்ஸில் ஏறினோம். கூடை இருக்கையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடத்துநர், "இது யாருடையது?" என்று கேட்டார்.

"தொரையோட மகளுங்க" என்றான் அந்தோனி, யோசிக்காமல்.

நடத்துநர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் முன்னால் போய்விட்டார். அவிசாவளை வரும்வரை குமார் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியதொரை பத்திரமாகக் கண்டி போய்ச் சேர்ந்திருப்பாரா, போய் அங்கேயும் எதையாவது அளக்கத் தொடங்கியிருப்பாரா என்று கவலையாக இருந்தது.

என் சிபார்சு அடுத்த மாதமே கையெழுத்தாகிப் போனது. அந்த டிசம்பரைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது இரண்டு வருடம் கழித்து, அவருடைய பிரியாவிடை விருந்தில். மேடம் என் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளிடம் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் கண்டியில் நல்ல மழையாம். அக்கா வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றதாம். இறங்கினவர் உப்பு காய்ந்த சப்பாத்தோடு கேற்றுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாராம். உள்ளே வரவில்லையாம். மேடமும் பிள்ளைகளும் வாசலுக்கு வந்து பார்த்திருக்கிறார்கள். அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"நான் எங்கே நிற்க வேண்டும்?"

மகள் மழையில் இறங்கிப் போய், கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாளாம். பிறகு சோறு போட்டார்களாம்.